தராசு, டம்ளர், நோட்டு: சுற்றுச்சூழல் அறிவியலைத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சுற்றுச்சூழலுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை வந்ததும் நான் முதலில் போனது கடைக்கு. மூங்கில் பிரஷ், நாலு துணிப்பை, எஃகு உறிஞ்சுகுழல் என்று கை நிறைய வாங்கி வந்தேன். அந்த நாட்களில் என் வீட்டுக் குளியலறைக் குழாய் ஒன்று மாதக்கணக்கில் சொட்டிக்கொண்டிருந்தது. காதில் விழுந்தும் உறைக்கவில்லை. ஒருநாள் சும்மா அதன் அடியில் ஒரு டம்ளரை வைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து எடுத்து அளந்தேன். 100 மில்லிலிட்டர். ஒரு மணி நேரத்துக்கு 600 மில்லி, ஒரு நாளைக்கு 14 லிட்டருக்கு மேல், வருடத்துக்கு 5,000 லிட்டரையும் தாண்டும். உள்ளே வாஷர் தேய்ந்திருந்தது. அதை மாற்ற, டம்ளரை வைத்துக் காத்திருந்த நேரம்கூட ஆகவில்லை.

அதனால் இந்தக் கட்டுரையில் வாங்க வேண்டிய பொருட்களின் பட்டியல் கிடையாது. ஒரு தராசு, அளவு போட்ட ஒரு டம்ளர், ஒரு நோட்டு, ஒரு மாதப் பொறுமை, இவ்வளவுதான் தேவை. அளந்து பார்த்துவிட்டால் எதை மாற்றுவது என்பது தானாகத் தெரிந்துவிடும். அளக்காமல் மாற்றினால் மனசுக்குத் திருப்தி கிடைக்கும், அவ்வளவுதான். நடுவில் கொஞ்சம் அறிவியலும் வரும். அது இல்லாமல் நோட்டில் எழுதிய எண்ணுக்கு அர்த்தம் பிடிபடாது.

முதலில் இரண்டு கேள்விகள்

வேதியியல், உயிரியல், புவியியல், பொருளாதாரம் எல்லாம் ஒரே பொருளைச் சுற்றி உட்கார்ந்து பேசும் இடம்தான் சுற்றுச்சூழல் அறிவியல். அங்கே திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் இரண்டு: இது எங்கிருந்து வந்தது? இனி எங்கே போகும்?

'தூக்கிப் போட்டாச்சு' என்று சாதாரணமாகச் சொல்கிறோம். எங்கே போட்டோம்? பொருள் உருமாறும், இடம் மாறும், ஆனால் இல்லாமல் போகாது. பெட்ரோலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறக்குறைய முக்கால் கிலோ. அது எஞ்சினில் எரிந்ததும் வெளியே போகும் கரியமில வாயுவின் எடை எவ்வளவு? சுமார் 2.3 கிலோ. போட்டதைவிட மூன்று மடங்கு! முதன்முதலில் இதைப் படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். கணக்குப் போட்டால் சரியாக வருகிறது. அந்த முக்கால் கிலோவில் 640 கிராம் அளவுக்குக் கார்பன் இருக்கிறது. எரியும்போது ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைப் பிடித்துக்கொள்கிறது. கார்பனின் எடை 12 என்றால் ஆக்சிஜன் இரண்டும் சேர்ந்து 32, ஆக மொத்தம் 44. 640 கிராமை 12ஆல் வகுத்து 44ஆல் பெருக்கிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத புகைக்கும் இப்படி எடை போட முடியும் என்று தெரிந்த அன்றுதான் இந்தப் பாடம் எனக்குப் பிடித்துப்போனது.

இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானின் மினமாட்டா விரிகுடா சாட்சி. அங்கே ஒரு தொழிற்சாலை பாதரசம் கலந்த கழிவுநீரைக் கடலில் விட்டுவந்தது. கடல் பெரிது, கரைந்துவிடும் என்ற நினைப்புதான். ஆனால் பாதரசத்தின் மெத்தில் வடிவம் உடம்புக்குள் போனால் லேசில் வெளியேறாது. நுண்ணுயிரிலிருந்து சிறு மீனுக்கும், சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும் போகப் போக அதன் செறிவு ஏறிக்கொண்டே வந்தது. மீன் தின்ற பூனைகள் தள்ளாடி விழுந்தன. 1956ல் மனிதர்களிடம் அந்த நோய் அதிகாரபூர்வமாக அடையாளம் காணப்பட்டது. கழிவு நின்றதோ 1968ல். கடல் விஷத்தை நீர்த்துப்போகச் செய்தது உண்மைதான், ஆனால் உணவுச் சங்கிலி அதை மறுபடி திரட்டிக் கொண்டுவந்து தட்டில் வைத்துவிட்டது.

தொட்டிக் கணக்கு

ஒரு தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே குழாய், கீழே வடிகால். விழுவதைவிட வடிவது அதிகமானால் தொட்டி காலியாகும், குறைவானால் நிரம்பி வழியும். காடு, நிலத்தடி நீர், மீன்வளம், காற்றுமண்டலம் எல்லாமே இப்படிப்பட்ட தொட்டிகள்தான்.

'நிலைத்த வாழ்முறை' என்ற பெரிய சொல்லின் வேரே ஒரு தொட்டிக் கணக்குதான். ஜெர்மனியின் சாக்ஸனிப் பகுதியில் சுரங்க நிர்வாகியாக இருந்தவர் ஹான்ஸ் கார்ல் ஃபொன் கார்லோவிட்ஸ். வெள்ளித் தாதுவை உருக்க மரம் வேண்டும். காடுகள் வேகமாகத் தீர்ந்துகொண்டிருந்தன. சுரங்கத்தில் வெள்ளி இருந்தாலும் உருக்க விறகு இருக்காது என்ற நிலை வரப்போகிறது என்று பார்த்தார். வளரும் அளவுக்கு மட்டுமே வெட்ட வேண்டும் என்று 1713ல் எழுதினார். பாருங்கள், அவர் மரத்தின் மேல் கொண்ட பாசத்தால் அதைச் சொல்லவில்லை. தொழில் நின்றுவிடுமே என்ற கவலையில்தான் சொன்னார். எனக்கு இந்தக் காரணம் பிடிக்கும். அதில் பாசாங்கு இல்லை.

காற்றுத் தொட்டியை அளந்தவர் சார்லஸ் டேவிட் கீலிங். ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலைச் சரிவில் 1958ல் கரியமில வாயுவை அளக்க ஆரம்பித்தார். அப்போது பத்து லட்சம் பங்கு காற்றில் அந்த வாயு சுமார் 315 பங்கு இருந்தது. தொழிற்புரட்சிக்கு முன்னால் 280 பங்குதான் என்று பனிப்பாறைக்குள் சிக்கியிருந்த பழைய காற்றுக்குமிழிகள் சொல்கின்றன. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. கீலிங் செய்த காரியத்தின் பெருமை, கேட்டால் சப்பென்று இருக்கும்: ஒரே இடம், ஒரே முறை, விடாமல் அளப்பது. நாம் நோட்டில் செய்யப்போவதும் அதுதான், கொஞ்சம் சின்ன அளவில்.

இந்தத் தொட்டியில் எல்லா வாயுவும் ஒரே வேகத்தில் வடியாது. மீத்தேன் சுமார் 12 ஆண்டுகளில் சிதைந்துவிடும், ஆனால் இருக்கும்வரை வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் மகா கெட்டி. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை, கரியமில வாயுவைப்போல சுமார் 28 மடங்கு. கரியமில வாயுவோ நிதானமான ஆள். இன்று விடுவதில் ஒரு பங்கு பல நூற்றாண்டுகள் கழித்தும் காற்றில் இருக்கும். அதனால் மீத்தேனைக் குறைத்தால் பலன் சீக்கிரம் தெரியும், கரியமில வாயுவை நிறுத்தாமல் இருந்தால் சுமை ஏறிக்கொண்டே போகும். இரண்டையும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாக வைத்துப் பேசுபவர்களைக் கண்டால் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

முதல் வாரம்: குப்பையை எடை போடுங்கள்

சரி, வேலைக்கு வருவோம். நாலு வாளி அல்லது நாலு பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஈரக்குப்பை. ஒன்றில் காகிதமும் அட்டையும். மூன்றாவதில் பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம். நாலாவதில் பேட்டரி, பல்பு, காலாவதியான மருந்து, பெயின்ட் டப்பா மாதிரி எதிலும் சேராத, ஆபத்தான சமாச்சாரங்கள். ஏழு நாள் கழித்து ஒவ்வொன்றையும் எடை போட்டு எழுதுங்கள். சமையல் தராசு சின்னதாக இருந்தால், ஆள் எடை பார்க்கும் தராசில் பையோடு ஒருமுறை, பை இல்லாமல் ஒருமுறை ஏறி நின்று கழித்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. இந்த வாரம் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளாதீர்கள். வழக்கமாக என்ன செய்வீர்களோ அதையே செய்யுங்கள். முதல் வாரத்திலேயே அடக்கி வாசித்தால், பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க எண் இருக்காது.

பெரும்பாலான வீடுகளில் எடையில் முதலிடம் ஈரக்குப்பைக்குத்தான். உலக வங்கி 2018ல் வெளியிட்ட கணக்கின்படி, உலக நகரங்களின் குப்பையில் 44 சதவீதம் உணவும் செடிகொடிக் கழிவும். கண்ணை உறுத்துவது பிளாஸ்டிக் என்பதால் எல்லோரும் அதைப் பற்றியே பேசுகிறோம். அது இடத்தை அடைக்கும், எடையில் தெரியாது. அது பிரச்சினை இல்லை என்று சொல்லவில்லை. 2015 வரை உலகில் தூக்கியெறியப்பட்ட பிளாஸ்டிக்கில் சுமார் 9 சதவீதம்தான் மறுசுழற்சிக்குப் போனது. மூன்றாவது பைக்குள் போட்டதெல்லாம் மறுபிறவி எடுக்கும் என்று நம்பி நிம்மதியாகத் தூங்க முடியாது.

ஈரக்குப்பையை இன்னும் ஒருமுறை இரண்டாகப் பிரியுங்கள். தோல், கொட்டை, காம்பு ஒரு பக்கம். சாப்பிட்டிருக்கலாம், வீணாகிவிட்டது என்பது மறுபக்கம். இந்த இரண்டாவது குவியல்தான் மாதம் முழுக்க நீங்கள் பார்க்கப்போகும் எண்களிலேயே முக்கியமானது. 2022ல் உலகம் வீணாக்கிய உணவு சுமார் 105 கோடி டன் என்று ஐநா சுற்றுச்சூழல் திட்டம் மதிப்பிட்டது. அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. ஆறுகளிலிருந்தும் நிலத்தடியிலிருந்தும் மனிதர்கள் எடுக்கும் நன்னீரில் ஏறக்குறைய 70 சதவீதம் விவசாயத்துக்குப் போகிறது. ஆக, கெட்டுப்போன ஒரு பழத்தைக் குப்பையில் போடும்போது கூடவே அதை வளர்த்த தண்ணீரும், உரமும், ஏற்றி வந்த டீசலும் போகின்றன.

ஈரக்குப்பைக்கு ஒரு வாளி

தோலும் கொட்டையும் எப்படியும் வரும். அதை மட்க வைக்கலாம். கம்போஸ்ட் என்றதும் தோட்டம் வேண்டுமே என்று தயங்க வேண்டாம். மூடி போட்ட 20 லிட்டர் வாளி ஒன்று இருந்தால் போதும். பக்கவாட்டில் சுற்றிலும் துளை போடுங்கள், காற்றுக்கு. அடியில் சில துளைகள், நீர் வடிய. கீழே ஒரு தட்டு. உள்ளே முதல் அடுக்காகச் சுள்ளியோ கிழித்த அட்டையோ நாலு விரல் உயரத்துக்கு.

அப்புறம் விதி ஒன்றே ஒன்றுதான்: ஒரு கை ஈரம் போட்டால், இரண்டு கை காய்ந்தது போட்டு மூடுங்கள். காய்ந்தது என்றால் சருகு, கிழித்த அட்டை, மரத்தூள். ஏன் இந்தக் கணக்கு? மட்க வைக்கும் பாக்டீரியாக்களுக்குக் கார்பன் எரிபொருள், நைட்ரஜன் உடம்பு கட்டும் சரக்கு. நைட்ரஜன் ஒரு பங்கு என்றால் கார்பன் 25 முதல் 30 பங்கு வரை இருந்தால் அவை உற்சாகமாக வேலை செய்யும். காய்கறித் தோலில் கார்பன் இதைவிடக் குறைவு, சருகில் அதிகம். இரண்டையும் கலந்தால் நடுவில் வந்து நிற்கும்.

என் முதல் வாளி நாறிவிட்டது. மூன்றாவது வாரம் மூடியைத் திறந்தபோது அழுகிய முட்டை வாசம் முகத்தில் அறைந்தது. நான் செய்த தப்பு, தோலை மட்டுமே போட்டு அமுக்கி அமுக்கி வைத்தது. காற்று புக இடமில்லை. காற்று இல்லாத இடத்தில் வேறு வகை நுண்ணுயிர்கள் பொறுப்பேற்கும், அவற்றின் வேலைப்பாணி நாற்றம் வீசும் பாணி. பெரிய குப்பைமேடுகளின் உள்ளே நடப்பதும் இதுதான். அங்கே மீத்தேனும் கிளம்பும். அதே தோல், காற்று கிடைத்தால் உரம், கிடைக்காவிட்டால் பூமியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயு. இரண்டாவது தடவை வாளியைக் கொட்டிக் கிளறி, கிழித்த அட்டையைத் தாராளமாகக் கலந்து திரும்ப வைத்தேன். மூன்று நாளில் நாற்றம் அடங்கியது.

மூக்கையும் கையையும் நம்புங்கள். அழுகல் வாசம் என்றால் ஈரம் அதிகம், காற்று குறைவு. காட்டமான அம்மோனியா நெடி வந்தால் நைட்ரஜன் மிஞ்சிவிட்டது, சருகு சேருங்கள். எறும்பு குடியேறினால் உலர்ந்துபோயிருக்கிறது, நீர் தெளியுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், பிழிந்த துணி மாதிரி. ஒழுகினால் அதிகம், உதிர்ந்தால் குறைவு. பால், எண்ணெய், இறைச்சி இவற்றைப் பழகும்வரை தவிர்த்துவிடுங்கள்.

வாளி நிரம்பியதும் மூடி, வாரம் ஒருமுறை கிளறி, இரண்டு மூன்று மாதம் விட்டுவிட வேண்டும். ஆனதா என்று பார்க்க மூக்கு போதும். மழை விழுந்ததும் தரையிலிருந்து எழுமே மண்வாசனை, அதே வாசனை வாளியிலிருந்து வரும். அதற்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற ஒரு சேர்மம். ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற மண் நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. மனித மூக்கு அதை நம்ப முடியாத அளவு சொற்பமாக இருந்தாலும் கண்டுபிடித்துவிடும்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கன மீட்டர் அளவுக்குக் குவியல் இருந்தால் உள்ளே 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறி, களை விதைகளும் நோய்க்கிருமிகளும் செத்துவிடும். சின்ன வாளி அவ்வளவு சூடாகாது. அதனால் விதை முளைக்கும், ஆச்சரியப்பட வேண்டாம். 'மட்கும்' என்று அச்சடித்த ஒரு கோப்பையை என் வாளியில் போட்டுப் பார்த்தேன். மாதங்கள் கழித்தும் புதிது மாதிரியே இருந்தது, எழுத்துகூட அழியவில்லை. அந்த வகைப் பிளாஸ்டிக் பெரும்பாலும் தொழிற்கூட அளவில், அறுபது டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் மட்குவது. வீட்டு வாளிக்கு அது சரிப்படாது.

இரண்டாவது வாரம்: தண்ணீர்

இரவு படுக்கப்போகும்போது எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பார்த்து எழுதுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன் மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. பெரும்பாலும் சந்தேகப்பட வேண்டியது கழிப்பறைத் தொட்டியை. அதற்குள் கொஞ்சம் உணவு நிறமியைக் கலந்துவிட்டு இருபது நிமிடம் ஃபிளஷ் செய்யாமல் காத்திருங்கள். கீழே கிண்ணத்தில் நிறம் தெரிந்தால் அடைப்பான் தேய்ந்திருக்கிறது. இந்தக் கசிவு சத்தம் போடாது, சொட்டும் குழாயைவிட இது மோசமான திருடன். மீட்டர் இல்லாத வீடு என்றால், டம்ளரை வைத்து ஒவ்வொரு குழாயையும் பத்து நிமிடம் சோதியுங்கள்.

பூமியில் உள்ள நீரில் 97 சதவீதத்துக்கு மேல் உப்புநீர். மீதியிலும் பெரும்பகுதி பனியாக உறைந்து கிடக்கிறது. ஆறு, ஏரி, நிலத்தடி என்று நம் கைக்கு எட்டுவது கொசுறு.

உள்ளே வரும் தண்ணீரை அளப்பவர்கள் பலரும் வெளியே போவதைப் பார்ப்பதில்லை. பழைய எண்ணெய், பெயின்ட், மீந்த மருந்து இவற்றைக் கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மருந்துகளை முழுக்கப் பிரித்தெடுக்கும்படி கட்டப்பட்டவை அல்ல. வயல் உரத்திலிருந்தும் கழிவிலிருந்தும் வழியும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் குளத்தைச் சேர்ந்தால் பாசிக்குக் கொண்டாட்டம். பச்சைக் கம்பளம் போலப் பரவும், சாகும், மக்கும். மக்கும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைப் பாக்டீரியா தீர்த்துவிடும், மீன்கள் மூச்சுமுட்டிச் சாகும். உரம் போட்டது மண்ணில், செத்தது குளத்தில். மறுபடி அதே இரண்டாவது கேள்வி.

மூன்றாவது வாரம்: மின்சாரம்

தினமும் ஒரே நேரத்தில் மின்மீட்டரைப் பார்த்து எழுதுங்கள். படுக்கும்போதும் எழும்போதும் எழுதினால் இன்னும் நல்லது. எல்லோரும் தூங்கும் நேரத்திலும் எவ்வளவு ஓடுகிறது என்று தெரியும். ஃபிரிட்ஜ் தவிர வேறு என்ன ஓடியிருக்கும் என்று யோசிக்கத் தொடங்கினால், அணைத்ததாக நினைத்து அணைக்காத சாதனங்கள் ஒவ்வொன்றாக மாட்டும்.

எதில் கை வைப்பது என்று தெரிய ஒரு சுலபமான வழி இருக்கிறது. சூடாக்குவது, குளிர்விப்பது, எடையுள்ளதை நகர்த்துவது இந்த மூன்றும் மின்சாரத்தைக் குடிக்கும். வெளிச்சம் தருவதும் பேசுவதும் கொறிக்கும். 20 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குச் சூடாக்கக் கிட்டத்தட்ட அரை யூனிட் வேண்டும். ஒரு யூனிட் என்பது 1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் செலவு. அந்த அரை யூனிட்டில் 9 வாட் எல்இடி பல்பு ஐம்பது மணி நேரத்துக்கு மேல் எரியும். சார்ஜரைச் செருகியில் விட்டுவிட்டார் என்று வீட்டில் யாரையாவது திட்டுவதற்கு முன், வெந்நீர் எவ்வளவு நேரம் ஓடியது என்று பாருங்கள். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது, குளிர் வெளியே கசிகிறது.

மிச்சம் பிடித்ததும் ஒரு ஆபத்து காத்திருக்கும். குறைந்த மின்சாரத்தில் எரியும் பல்புதானே என்று ராத்திரி முழுக்க எரியவிடுவோம். வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற ஆங்கிலப் பொருளியலாளர் 1865லேயே இதைக் கவனித்தார். நீராவி எஞ்சின்கள் நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்க எரிக்க, நாட்டின் மொத்த நிலக்கரிச் செலவு ஏறியது. எஞ்சின் மலிவானதால் எல்லா இடத்துக்கும் அது போனது. அதனால் பல்பை மாற்றிய பிறகும் மீட்டரைப் பார்ப்பதை நிறுத்தாதீர்கள்.

சூரியத் தகடு செய்யவும் காற்றாலை கட்டவும் புகை விடத்தானே வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஐநாவின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐபிசிசி 2014ல் தொகுத்த கணக்கில் கட்டுமானம், எரிபொருள், பராமரிப்பு எல்லாவற்றையும் சேர்த்து, ஒரு யூனிட்டுக்கு விடும் புகை, கரியமில வாயுக் கணக்கில், நிலக்கரி 820 கிராம், காற்றாலை 11 அல்லது 12 கிராம், சூரியத் தகடு 40 கிராமைக் கொஞ்சம் தாண்டியது. புகை இரண்டு பக்கமும் உண்டு, அளவில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

தட்டும் பயணமும்

இந்த இரண்டுக்கும் வீட்டில் மீட்டர் கிடையாது, அதனால் நோட்டில்தான் எழுத வேண்டும். உணவில் மனதில் வைக்க வேண்டியது ஒரு எண்: பத்தில் ஒன்று. உணவுச் சங்கிலியில் ஒவ்வொரு படி ஏறும்போதும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் மேலே போகிறது. மீதி அந்த உயிர் நடக்கவும் மூச்சுவிடவும் உடம்பைச் சூடாக வைக்கவும் செலவாகிவிடுகிறது. தானியத்தை நேரே சாப்பிடுவதற்கும், அதை ஒரு விலங்குக்குக் கொடுத்து விலங்கைச் சாப்பிடுவதற்கும் நிலத்தேவையில் பெரிய வேறுபாடு இருப்பது இதனால்தான். அசைபோடும் கால்நடைகள் ஏப்பத்தில் விடும் மீத்தேன் தனிக்கணக்கு. தூரத்திலிருந்து வந்த உணவு கெட்டது என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. விமானத்தில் வந்ததைத் தவிர மற்றவற்றில் போக்குவரத்தின் பங்கு பொதுவாகச் சிறியது. எவ்வளவு தூரம் வந்தது என்பதைவிட என்ன சாப்பிடுகிறோம், எவ்வளவு வீணாக்குகிறோம் என்பதே பெரிது.

பயணத்துக்கு ஒரு மாதம் கிலோமீட்டரை மட்டும் எழுதுங்கள்: எதில், எத்தனை பேர். டன்னுக்கு மேல் எடையுள்ள கார் எழுபது கிலோ ஆளை நகர்த்துகிறது என்றால், எரிபொருளில் பெரும்பகுதி காரையே சுமக்கச் செலவாகிறது என்று அர்த்தம். பேருந்தும் ரயிலும் நிரம்பி ஓடும்போது அந்தச் சுமை பல பேருக்குப் பங்காகிறது. சைக்கிளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வாங்குவதற்கு முன்

இப்போதுதான் கடைப் பக்கம் போகலாம். என் நாலு துணிப்பைக் கதைக்கு வருகிறேன். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பமாதலில் பின்தங்காமல் இருக்க, ஒரு பருத்திப் பையை 131 தடவை பயன்படுத்த வேண்டும் என்று கணக்கிட்டார்கள். பருத்தி விளைவிக்கத் தண்ணீரும் நிலமும் உரமும் வேண்டுமே. பிளாஸ்டிக் பை நல்லது என்று இதற்கு அர்த்தமில்லை. காற்றில் பறந்து கடலுக்குப் போகும் பிளாஸ்டிக்கின் சேதம் இந்தக் கணக்குக்குள் வரவில்லை. ஆனால் ஒரு பை இருக்கும்போது நாலு பை வாங்கியது, மூன்று பை அதிகம்.

போனும் கணினியும் இதே மாதிரிதான். ஒரு கைபேசி அதன் ஆயுளில் உண்டாக்கும் உமிழ்வில் பெரும்பங்கு அது உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. 2022ல் உலகில் சேர்ந்த மின்னணுக் குப்பை சுமார் 6.2 கோடி டன், முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது அதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. பேட்டரியை மாற்றி இன்னும் இரண்டு வருடம் ஓட்ட முடிந்தால் அதுதான் மிகப் பசுமையான போன்.

பொட்டலத்தில் பச்சை இலைப் படம் போட்டிருந்தால் மூன்று விஷயம் தேடுங்கள்: எண் இருக்கிறதா, எதோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள், யார் சரிபார்த்தது. மூன்றும் இல்லையென்றால் அது வெறும் இலைப் படம்.

வீட்டுக்கு வெளியே

தனிமனிதர் குழாயை மூடினால் உலகம் மாறிவிடுமா என்று கேட்டால், அது மட்டும் போதாது என்பதே நேர்மையான பதில். ஓசோன் படலத்தை யாரும் வீட்டிலிருந்து காப்பாற்றவில்லை. ஃபிரிட்ஜிலும் தெளிப்பான்களிலும் இருந்த குளோரோஃபுளூரோகார்பன்கள் ஓசோனைச் சிதைக்கும் என்று மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974ல் எழுதினார்கள். அண்டார்டிகாவின் மேலே ஓட்டை இருப்பதை 1985ல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்த வாயுக்களைப் படிப்படியாக நிறுத்தும் மாண்ட்ரியல் உடன்படிக்கை 1987ல் கையெழுத்தானது. அண்டார்டிகாவின் மேல் 2066 வாக்கில் ஓசோன் 1980ன் நிலைக்குத் திரும்பும் என்பது ஐநா ஆதரவு பெற்ற மதிப்பீடு. ஈயம் கலந்த பெட்ரோலும் அப்படித்தான் சட்டத்தால் ஒழிந்தது. கடைசியாக விற்ற நாடான அல்ஜீரியா 2021ல் நிறுத்தியது.

அதனால் அளந்த எண்களை வீட்டுக்குள் பூட்டி வைக்காதீர்கள். குடியிருப்புக் கூட்டத்திலோ உள்ளாட்சி மன்றத்திலோ ஈரக்குப்பையைத் தனியாக எடுக்கச் சொல்லிக் கேட்கும்போது, 'எங்கள் வீட்டில் வாரம் இத்தனை கிலோ, அதில் இத்தனை கிலோ மட்குவது' என்று சொல்லிப் பாருங்கள். குறை சொல்பவருக்குக் கிடைக்கும் பதில் வேறு, எண்ணோடு வருபவருக்குக் கிடைக்கும் பதில் வேறு.

நாலாவது வாரம் மறுபடி குப்பையை எடை போட வேண்டும், முதல் வாரம் எடை போட்ட அதே கிழமையில். விருந்தாளி வந்த வாரமா, ஊருக்குப் போன வாரமா, பரணைச் சுத்தம் செய்த வாரமா என்று எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதிவையுங்கள். எழுதாவிட்டால் மூன்று நாள் வீட்டில் ஆளே இல்லாமல் குறைந்த எடையை, திருந்திவிட்டதால் குறைந்தது என்று நினைத்துக்கொள்வோம். நான் நினைத்துக்கொண்டேன்.